திறப்பு விழா வெளிச்சம்

மனித குலத்துக்கு ஓர் அறிவிப்பு. காலத்தைக் கிறிஸ்துவுக்கு முன், பின் என்று கணக்கிட்டு வந்தவர்கள் அந்தப் பழக்கத்தை இத்துடன் விட்டுவிடலாம். 2038ஆம் ஆண்டு, தை மாதம் பன்னிரண்டாம் நாள், முற்பகல் பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள், திருச்சிராப்பள்ளி மாநகரின் வெளிவட்டச் சாலையில் அமைந்துள்ள உயிரணு நேர்காட்சி நிலையத்தின் முதல் மாடியில் புற்றுநோய் தோற்கடிக்கப்பட்டது. இதற்கு முன் பல தடவை எலிகளிடம் தோற்றிருந்த அந்த நோய், இம்முறை சிறப்பு விருந்தினர் முன்னிலையில், நாதஸ்வரம் முழங்க, முறைப்படி தோற்றது.

இவ்வளவும் கருங்கல்லில் வெட்டப்பட்டு மாடிப்படிக்கு அருகே பதிக்கப்பட்டிருக்கிறது. கல்லில் பாதியை விருந்தினர்களின் பெயர்களும் கால்வாசியை நிலைய இயக்குநர் டாக்டர் ஞானவடிவேலின் பட்டங்களும் எடுத்துக்கொண்டதால், நோய் தோற்ற விவரம் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. குனிந்தால் படிக்கலாம். இப்போது அதற்கு முன்னால் செருப்பு ஸ்டாண்டை வைத்துவிட்டதால் குனிந்தாலும் படிக்க முடியாது.

நோயைத் தோற்கடித்த கருவிக்கு ‘நேரத்தொடர் முப்பரிமாண உயிரணு நுண்காட்டி’ என்று பெயர். பெயர் வைப்பதற்காக ஒரு குழு நான்கு மாதம் உட்கார்ந்து எழுந்தது. நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் அதைக் கொட்டகை என்றார்கள். பழைய சினிமாக் கொட்டகையைப் போல அங்கேயும் இருட்டறை, நாற்காலி வரிசை, வாசலில் திரை. திரையை விலக்கி ஆட்களை உட்கார வைப்பவர் ஹனீபா பாய். முப்பத்தோரு வருடம் அட்டெண்டர் வேலை பார்த்தவர். வருகிற குடும்பங்களுக்குக் கருவியைப் பற்றி விளக்குவதற்கு விஞ்ஞானிகள் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருந்தார்கள். யாரும் அதைப் படிக்காததால் அந்த வேலையும் பாய் தலையில் விழுந்தது.

“உங்க ஆளோட கட்டியிலேர்ந்து துளி எடுத்திருக்கோம்,” என்பார் பாய். “அத எட்டுக் குழியில பிரிச்சு வைப்போம். ஏழு குழியில ஏழு மருந்து. எல்லாம் உசுரோடதான் இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மெஷின் நீல லைட்டு அடிச்சு, வெங்காயம் வெட்டுற மாதிரி தகடு தகடாப் படம் எடுக்கும். வெட்டாமலே எடுக்கும். மூணு நாள் எடுத்ததைச் சேத்து அடுக்கி நாப்பது செகண்டுல ஓட்டுவோம். எந்தக் குழியில அது சீக்கிரம் சாவுதோ அந்த மருந்து உங்களுக்கு. இந்தாங்க, கண்ணாடியப் போட்டுக்குங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் அறையின் நடுவே, கைக்கு எட்டும் தூரத்தில், அந்தப் புற்று மிதக்கும். உரித்த மாதுளை போல அழகாகவே இருக்கும். முத்துகள் ஒவ்வொன்றும் ஓர் உயிரணு. அவை பிதுங்கும், இரண்டாகும், ஒன்றையொன்று தள்ளும். பத்தாவது நொடியில் ஒரு முத்து கஞ்சி கொதிப்பது போலக் குமிழ் விடும். பிறகு அடுத்தது. நாற்பதாவது நொடியில் மாதுளை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கிடக்கும். குடும்பம் கை தட்டும். சில வீட்டுப் பெண்கள் திருஷ்டி கழிப்பது போலக் காற்றில் நெட்டி முறிப்பார்கள். ‘செத்தான்டா’ என்று யாராவது ஒரு மச்சான் சொல்லுவார். படத்தின் பிரதி கைப்பேசிக்கு வரும். அது ஊர் முழுக்கப் போகும்.

அரசாங்கமும் கை தட்டியது. அடுத்த ஆறு மாதத்தில் காட்சிச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. அதாவது, கொட்டகைப் படம் எந்த மருந்தைச் சொல்கிறதோ அதைத்தான் எந்த மருத்துவமனையும் கொடுக்கலாம். வேறு மருந்து கொடுத்த மருத்துவர், மறு வாரம் மருத்துவராக இருக்க மாட்டார்.

எட்டுக் குழிகளில் எது எந்த மருந்துக்கு என்பது அறிவியலால் தீர்மானமாகவில்லை. கோயிலில் யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது என்பது எப்படித் தீர்மானமாகுமோ அப்படித் தீர்மானமானது. முதல் குழி இயக்குநரின் மருந்துக்கு. அவரே கண்டுபிடித்த அந்த மருந்தின் பெயர் ஜிவி-7. ஜிவி என்றால் என்னவென்று யாரும் கேட்டதில்லை. இரண்டாவது துணை இயக்குநர் பரிந்துரைத்தது. மூன்று முதல் ஆறு வரை பணிமூப்புப்படி. ஏழாவது குழியில், என்றைக்கோ மாற்றலாகிப் போய்விட்ட ஒரு டாக்டரம்மா எழுதி வைத்திருந்த பழைய மருந்து. அதற்குப் பரிந்து பேச ஆள் இல்லாததால் அது கடைசி. எட்டாவதில் மருந்து கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்தது. அதன் பெயர் சும்மாக் குழி. ‘மருந்தே இல்லாத குழியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று இயக்குநர் கேட்டு ஒரு சுற்றறிக்கை போட்டதிலிருந்து, அதை மட்டும் படம் எடுப்பதில்லை. மூன்றாம் நாள் சாதாரண நுண்ணோக்கியில் ஒருமுறை எட்டிப் பார்த்து, ‘வளர்ச்சி இயல்பு’ என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டு வருடத்தில் முந்நூற்றுப் பதினெட்டு நோயாளிகள். அதில் முந்நூற்றுப் பதினொரு பேருக்கு முதல் குழிதான் வென்றது. மீதி ஏழு பேர் வந்த வாரம் கருவி பழுது.

நோயாளிகள் இறக்கத்தான் செய்தார்கள். ஆனால் நிலையத்தின் பொறுப்பு குழியோடு முடிந்தது. கோப்பில் ‘மருந்து வென்றது, நோயாளியின் உடல் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதப்பட்டது.

கருவியை இயக்கியவள் ஜெசிந்தா. நாற்பத்து நான்கு வயது. எட்டுக் குழிகளையும் கை நடுங்காமல் நிரப்பத் தெரிந்தவள் நிலையத்தில் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதத் தெரியும்.

திறப்பு விழா அன்று நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சிறப்பு விருந்தினர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஒண்ணும் தெரியலையே, இருட்டா இருக்கே என்றார். இயக்குநரின் முகமும் இருட்டானது. லைட்டைக் கூட்டுங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கருவியோடு வந்திருந்த புத்தகத்தில், உயிரணுக்கள் மீது விழும் ஒளி மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது. ஜெசிந்தா அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாதஸ்வரக்காரர்கள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அறுபது வைத்தாள். அறைக்கு நடுவே மாதுளை பளிச்சென்று தோன்றியது. விருந்தினர் ‘ஆ’ என்றார். இயக்குநர் அந்த அளவை அப்படியே சேமித்து வைக்கச் சொன்னார். என்ன பெயரில் சேமிப்பது என்று கருவி கேட்டது. ‘திறப்பு விழா’ என்று அவள் தட்டச்சு செய்தாள்.

அதற்குப் பிறகு அவள் இரண்டு முறை அதைக் குறைக்கக் கேட்டாள். முதல்முறை, படம் இவ்வளவு நன்றாக வருகிறதே என்றார்கள். இரண்டாவது முறை அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை.

ஒருநாள் காலை, லால்குடியிலிருந்து ஒரு பெண் பெரிய டப்பா நிறைய லட்டு கொண்டுவந்தாள். கணவன் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கைப்பேசியில் படத்தைத் திறந்து ஜெசிந்தாவிடம் காட்டினாள். “அவரு போய்ட்டாருங்க. ஆனா அத விட்டு வெக்கல பாருங்க. கொன்னுட்டுத்தான் போனாரு,” என்றாள். ஜெசிந்தா ஒரு லட்டு எடுத்துக்கொண்டாள். பாய் சர்க்கரை நோயாளி. அவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது ஆண்டு முடிவில் முந்நூற்றுப் பதினெட்டாவது ஆளாக வந்தவர் சூசைராஜ். ஜெசிந்தாவின் கணவர். கல்யாண வீடியோ எடுப்பவர். கல்யாண மண்டபங்களில் ட்ரோன்கள் குளவி மாதிரி சுற்றும் காலத்திலும், கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும் கடைசிக் கூட்டத்தில் ஒருவர். வயிற்றில் கட்டி. ஊழியர் குடும்பத்துக்கு முன்னுரிமை என்பதால் அவருடைய படம் வரிசையில் முந்திக்கொண்டது. வழக்கம்போல முதல் குழி வென்றது. கொட்டகையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த சூசைராஜும் கை தட்டினார். ஜிவி-7 ஏறத் தொடங்கியது.

நான்கு தடவை ஏற்றிய பிறகு கட்டி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. சூசைராஜ் பதினாறு கிலோ குறைந்திருந்தார். வார்டு மருத்துவர் கோப்பைப் பார்த்துவிட்டு, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றார். அந்த வாக்கியத்தை ஜெசிந்தா முந்நூறு தடவை தட்டச்சு செய்திருக்கிறாள். காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

மத்தியானம் ரசம் சாதம் ஊட்டும்போது அவர் அந்தப் படத்தை மறுபடி காட்டச் சொன்னார். கைப்பேசியில் போட்டாள். ஒருதரம் பார்த்தார். இன்னொருதரம் போடச் சொல்லி, முதல் நொடியிலேயே நிறுத்தச் சொன்னார்.

“ஜெசி, எல்லாக் குழியும் இருக்கிற படம் இருக்கா? அதப் போடு.”

போட்டாள். ஏழு மாதுளைகள் வரிசையாக நின்றன.

“முதல் குழி மட்டும் வெளுத்திருக்கு பாரு.”

“மருந்து வேலை செய்யுதுங்க.”

“மருந்து உள்ள இறங்க அரைமணி நேரம் ஆகும்னு நீதான சொன்ன. இது மொத படம். இன்னும் மருந்து அதைத் தொடவே இல்ல. அதுக்குள்ள வெளுத்துக் கெடக்கு. இது லைட்டு.”

ஜெசிந்தா கரண்டியை வைத்தாள்.

“எத்தன தடவ லைட்டு அடிப்பீங்க?”

“பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை. ஒரு குழிக்கு ரெண்டு செகண்டு.”

“எல்லாத்துக்கும் ரெண்டுதானா?”

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கருவி ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும்; அதுவரை லைட்டு எரிந்தபடி இருக்கும். அது எப்போதும் முதல் குழியில்தான் பிடிக்கும். “முதல் குழிக்கு மட்டும் இருபது,” என்றாள்.

சூசைராஜ் தலையணையில் சாய்ந்துகொண்டார். “நான் தொழில் பழகுனப்ப ஆலஜன் லைட்டு. ஆயிரம் வாட்டு. முகூர்த்தத்துக்கு முன்னாடியே லைட்டப் போட்டோம்னு வையி, தாலி கட்டறதுக்குள்ள மாலை வாடி, பொண்ணு மொகத்துல பவுடர் வழிஞ்சு, பொண்ணோட அப்பன் அடிக்க வருவான். எங்க மாஸ்டர் முதல்ல சொல்லிக் குடுத்ததே லைட்ட அணைக்கறதுக்குத்தான்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “உங்க மெஷின்ல ஒண்ணாம் நம்பர்ல யார உக்கார வச்சாலும் வெந்துதான் போவான். மருந்து போடாத குழிய எடுத்துப் பாத்தியா?”

“அத எடுக்கறதில்லங்க. சர்க்குலர் இருக்கு.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

மறுநாள், ஞானவடிவேல் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, நிலைய வரலாற்றில் யாரும் செய்யாத காரியத்தை ஜெசிந்தா செய்தாள். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த சூசைராஜின் துணுக்கிலிருந்து எடுத்து, மருந்தே போடாமல், முதல் குழியில் வைத்தாள். இயக்குநர் நாற்காலியில் சும்மாவை உட்கார வைத்தது போலத்தான். ஹனீபா பாய் அதைப் பார்த்தார். பார்க்காதது மாதிரி திரையைத் துவைக்கப் போட்டார்.

மூன்று நாள் கழித்து இருவரும் படம் பார்த்தார்கள். மாதுளை பிதுங்கியது. கொதித்தது. இருபத்தெட்டாவது நொடியிலேயே சாம்பலானது. மற்ற எல்லாப் படங்களையும்விட அழகாகச் செத்தது.

“மருந்தே போடாமச் செத்துருச்சா?” என்றார் பாய். அவர் முகம் மலர்ந்திருந்தது. “அப்ப சாருக்குச் சரியாயிருச்சும்மா. தன்னால அழிஞ்சிருச்சு பாருங்க.”

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் பாய் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மிச்சத் துணுக்கு இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் போதும். ‘திறப்பு விழா’ அமைப்பை மாற்ற வேண்டுமா என்று கருவி கேட்டது. ஆம் என்றாள். நிச்சயமாகவா என்றது. நிச்சயம் என்று அழுத்தி, ஒளியை மூன்றுக்கு இறக்கினாள். ஃபோகஸை ஒரு காலிக் கண்ணாடித் துண்டின் மேல் பிடிக்க வைத்தாள். இந்தத் தடவை எட்டுக் குழிகளையும் எடுத்தாள்.

படத்தில் எதுவும் தெரியவில்லை. அமாவாசையில் ஏதோ நகர்வது மாதிரி இருந்தது. ஆனால் கருவிக்குக் கண் தேவையில்லை. எண்ணிச் சொல்லும்படி கேட்டதும் சொன்னது. முதல் குழியில், ஜிவி-7க்குள், சூசைராஜின் புற்று இரண்டு மடங்காகியிருந்தது. சும்மாக் குழியிலும் அதே இரண்டு மடங்கு. மருந்துக்கும் சும்மாவுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் பெரிய மாற்றமில்லை. ஏழாவது குழியில், மாற்றலாகிப் போன டாக்டரம்மாவின் பழைய மருந்தில், அது பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது.

ஏழாவது மருந்து ஊரில் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். வார்டு மருத்துவரிடம் போய் எண்களைக் காட்டினாள். அவர் நல்லவர். கதவைச் சாத்திவிட்டு முழுக்கப் படித்தார். இப்போது ஆரம்பித்தால் வாய்ப்பு உண்டு, இரண்டு வாரம் தள்ளினால் ஈரல் தாங்காது என்றார். பிறகு, இயக்குநர் கையெழுத்தில்லாமல் தன்னால் ஒரு சொட்டுக்கூட ஏற்ற முடியாது என்றார். இரண்டாவதை முதலில் சொல்லியிருக்கலாம்.

இயக்குநர் மாநாட்டிலிருந்து சால்வையோடு திரும்பியிருந்தார். ஜெசிந்தா இரண்டு படங்களையும் காட்டினாள். சும்மாவாக விட்ட முதல் குழி பளபளவென்று சாவதை ஒருதரம், இருட்டுப் படத்தை ஒருதரம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“எழுத்துல குடுத்திருக்கீங்களா?” என்றார் கடைசியில்.

“இல்ல சார். முதல்ல உங்ககிட்ட சொல்லலாம்னு.”

“நல்லது.”

“முந்நூத்திப் பதினோரு பேர் சார். எல்லாருக்கும் முதல் குழி. எல்லாம் லைட்டுல செத்தது.” அவள் குரல் இறங்கிவிட்டது. “லைட்டக் கூட்டுனது என் கைதான் சார். அதையும் எழுதிக் குடுக்கறேன். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏழாம் நம்பருக்கு இன்னிக்கே கையெழுத்து வேணும்.”

ஞானவடிவேல் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டைச் சுற்றிவிட்டார். அந்தக் குடும்பங்களெல்லாம் இன்றைக்கு நிம்மதியாக இருக்கின்றன, நோயைக் கொன்றுவிட்டோம் என்ற நிம்மதி, அதையும் ஏன் பிடுங்க வேண்டும் என்று கேட்டார். லால்குடியிலிருந்து ஓர் அம்மாள் லட்டெல்லாம் கொண்டுவந்தார்களாமே, நீங்களும் சாப்பிட்டீர்களாமே என்றார். இன்னும் பல்லில் ஒட்டியிருந்தது போல ஜெசிந்தாவின் நாக்கு அந்தச் சர்க்கரையைத் தேடியது.

பிறகு அவர் பேப்பர் வெயிட்டை நிறுத்தினார்.

“அந்தச் சும்மாக் குழி. அதுல மருந்தே இல்ல?”

“இல்ல சார்.”

“வெறும் ஒளி மட்டும். அதுலயே புற்று அணு செத்துருச்சு.”

“எந்த அணுவா இருந்தாலும் செத்துரும் சார். தோல், ரத்தம், எதுன்னாலும்.”

“நான் கேட்டது புற்று அணு.”

“செத்துருச்சு சார்.”

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். இரண்டாவது மாடிக்காக நீட்டி விட்டிருந்த கம்பிகள் அங்கே துருப்பிடித்து நின்றன. அந்தப் படத்தின் பிரதியைத் தன் மேசைக்கு அனுப்பச் சொன்னார். ஏழாம் நம்பர் விஷயத்தை ஒரு குழு பார்க்கும் என்றார்.

குழு என்றால் ஐந்து பேர். ஒருவர் மகளைப் பார்க்க மெல்போர்ன் போயிருந்தார். ஒருவருக்குக் கண்புரை அறுவை. முப்பரிமாணக் கண்ணாடி போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குழுவின் தலைவர் டாக்டர் ஞானவடிவேல். அவர் ஊரில்தான் இருந்தார். ஆனால் ஐந்து பேரும் இல்லாமல் கூட்டினால் மரபு மீறல் ஆகிவிடும் என்று கருதினார். ஜெசிந்தா தினமும் காலையில் போய்க் கேட்டாள். கேட்ட ஒவ்வொரு தடவையும் தேநீர் கொடுத்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் குழு கூடியது. கொட்டகையில் எல்லாருக்கும் கண்ணாடி கொடுத்து, ஹனீபா பாய் திரையை இழுத்துவிட்டார். இருட்டுப் படம் ஓடியது. மெல்போர்ன்காரர் தூங்கிவிட்டார். கண்புரைக்காரர், தனக்குத்தான் தெரியவில்லையோ என்று பக்கத்திலிருந்தவரை மெல்லக் கேட்டார். பக்கத்திலிருந்தவர் உரக்கச் சொன்னார், ஒண்ணும் தெரியலையே, இருட்டா இருக்கே என்று. ஜெசிந்தா எழுந்து எண்களை வாசித்தாள். இது நேர்காட்சி நிலையம், எண்ணுவதற்கு வேறு துறை இருக்கிறது என்று துணை இயக்குநர் நினைவூட்டினார். தீர்மானம் ஒருமனதாக எழுதப்பட்டது: ‘சமர்ப்பிக்கப்பட்ட காட்சி போதிய தெளிவின்மையால் ஏற்கப்படவில்லை. உரிய வெளிச்சத்தில் மீண்டும் படமெடுத்துச் சமர்ப்பிக்கலாம்.’

மீண்டும் எடுக்கத் துணுக்கு இல்லை. புதிதாக ஊசி போட்டு எடுக்க சூசைராஜின் உடம்பில் தெம்பு இல்லை. கண் மஞ்சளாகியிருந்தது. ஜெசிந்தா தீர்மானத்தை அவருக்கு வாசித்துக் காட்டினாள். மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. இருபது வருடமாக, எந்தக் கல்யாணத்தில் எந்தப் படம் சரியாக வரவில்லை என்பதை அவர் அவளிடம் மறைத்ததில்லை.

“இருட்டுல எடுத்திருக்குன்னு ஆல்பத்தத் திருப்பி அனுப்பிட்டாங்களா,” என்றார். “எனக்கும் ஒருத்தன் அனுப்பியிருக்கான். உறையூர்ல. பொண்ணே கருப்பு, நான் என்ன பண்றதுன்னேன்.”

அவள் அழுதாள். லைட்டைக் கூட்டியது தன் கை என்று அவரிடமும் சொன்னாள். அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கொட்டகையில் வேறு யாருக்கு அந்தப் பொத்தானைத் தொடத் தெரியும் என்று கேட்டார்.

“மண்டபத்துல ஆயிரம் பேரு இருப்பான். லைட்டக் கூட்டுடாம்பான் ஒருத்தன். கூட்டத்தான் வேணும். இல்லேன்னா அடுத்த கல்யாணத்துக்கு நம்மளக் கூப்பிட மாட்டான்.” அவள் கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இத்தன வருஷத்துல நான் எத்தன பேரப் படம் எடுத்திருப்பேன். என்னைய ஒருத்தரும் எடுத்ததில்ல ஜெசி. கேமராவுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டேன். நீ ஒருத்திதான் எடுத்திருக்க. அதுவும் உள்ள போயி.”

அந்த இருட்டுப் படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். கைப்பேசித் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் கடைசிவரைக்கும் பார்த்தார். நல்லா வந்திருக்கு என்றார்.

ஒளிச் சிகிச்சைப் பிரிவின் திறப்பு விழா ஐப்பசி மாதம், ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில் நடந்தது. இரண்டாவது மாடி நான்கே மாதத்தில் எழுந்துவிட்டது. புதுக் கருங்கல்லுக்கு முன்னால் செருப்பு ஸ்டாண்டு வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சுற்றறிக்கை வந்திருந்தது. கல்லில் வெட்டியிருந்தது இது: ‘மருந்தே இன்றி, ஒளியால் மட்டும் புற்றை அழிக்கலாம் என்று உலகுக்கு முதன்முதலில் காட்டிய பெருமை இந்நிலையத்தையே சாரும்.’ ஊழியர் அனைவரும் தவறாமல் வர வேண்டும் என்று உத்தரவு. கருவியை இயக்க வேறு ஆள் இல்லாததால் ஜெசிந்தாவுக்கு அந்த உத்தரவு தனியாகவும் ஒரு பிரதி வந்தது. அவள் வந்திருந்தாள். ஹனீபா பாய், சொல்லாமலே அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

போன தடவை வந்த அதே சிறப்பு விருந்தினர். அதே நாதஸ்வரம். டாக்டர் ஞானவடிவேல் ஒளியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். சூரியனில் ஆரம்பித்தார், அகல் விளக்குக்கு வந்தார், பிறகு தன்னிடம் வந்து நின்றார். வந்திருந்த இருநூறு பேரும் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். ‘திறப்பு விழா’ அமைப்பில் எடுத்த அந்தப் படம் மண்டபத்தின் நடுவே எழுந்தது. மாதுளை பிதுங்கியது, கொதித்தது, இருபத்தெட்டாவது நொடியில் சாம்பலானது. கைதட்டல் அடங்கவில்லை என்பதால் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்கள். ஜெசிந்தா ஓட்டினாள்.

சிறப்பு விருந்தினர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு உண்மையாகவே மனம் இளகியிருந்தது. ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். மருந்தில்லாமல் நோய் ஒழிந்த அந்தப் பாக்கியசாலி யார், இப்போது எப்படி இருக்கிறார், மேடைக்கு அழைத்து வர முடியுமா என்று கேட்டார். இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் கோப்பைப் பார்த்தார். கோப்பில் நோயாளி எண் 318 என்று மட்டும் இருந்தது. யாருக்கும் தெரியாததால், கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஒலிபெருக்கி போய்ச் சேர்ந்தது.

“அவரு ஆடி மாசமே செத்துப்போயிட்டாருங்க,” என்றாள் ஜெசிந்தா.